ஊரான் பிள்ளையும் கும்பினிக் கணக்கும்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம்மூர்ப் பாட்டிகள் கண்ட பொருளாதாரம். கல்கத்தாவில் கடை விரித்த கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். தான் பெற்ற பிள்ளையையே ஊரான் பிள்ளை என்று பேரேட்டில் எழுதிவிட்டால் ஊட்டுகிற வேலையும் மிச்சம், வளர்க்கிற வேலையும் மிச்சம். யார் தலையிலாவது கட்டிவிட்டு மாதம் பிறந்தால் ரசீது வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு அரசு அலுவலகங்களில் அவுட்சோர்சிங், பொதுத்துறை தனியார் கூட்டு என்றெல்லாம் பவர்பாயிண்ட் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தச் சரக்கு ஹூக்ளிக் கரையில் முந்நூறு வருஷமாக விற்பனையில் இருக்கிறது.

முதல் பேரம் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் படிந்தது. பௌச்சியர் என்றொரு வியாபாரி, பின்னாளில் பம்பாய்க்குக் கவர்னராகப் போனவர், மேயர் கோர்ட்டுக்கென்று ஒரு கட்டடம் கட்டினார். அதைச் சர்க்காரிடம் ஒப்படைக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார். ஆண்டுதோறும் 4,000 ஆற்காடு ரூபாயைத் தர்மப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். வங்காளத்துப் பிள்ளைகளின் சோற்றுக்கு நம்ம ஆற்காட்டுப் பெயரில் நாணயம்! சர்க்கார் தலையாட்டியது. கட்டடம் சர்க்காருக்கு, பள்ளிக்கூடத்தை நடத்துகிற தலைவலி தேவாலய நிர்வாகிகளுக்கு.

அந்தக் கோர்ட்டின் மாடிதான் ஊருக்கே நடனக்கூடம். 1769 வாக்கில் வந்துபோன டச்சுக் கப்பல் தலைவர் ஸ்டாவோரினஸ், அந்த மாடி மண்டபத்தில் பிரெஞ்சு ராஜாவும் ராணியும் ஆளுயரப் படங்களாகத் தொங்கியதை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலீஷ்காரர்கள் ஆடுகிற கூடத்தில் பிரெஞ்சு ராஜாவுக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை, 1757இல் பிரெஞ்சுக்காரர்களின் சந்தன்நகரைப் பிடித்தபோது வாரிக்கொண்டு வந்த சாமான்கள் அவை. கீழே வழக்கு, மேலே கூத்து, சுவரில் கொள்ளைப் பொருள், எல்லாவற்றுக்கும் ஈடாகப் பிள்ளைகளுக்கு ஆண்டுப் படி. முந்தின வருஷம் சிராஜ் உத் தௌலா படையெடுத்து வந்தபோது தேவாலயம் இடிந்துபோயிருந்தது. அதற்கென்று வாங்கிய நஷ்ட ஈடும் பள்ளிக்கூடத்துத் தர்ம நிதியில்தான் போய் விழுந்தது. ஆக, பிள்ளைகளின் சோற்றுக்கு நவாபும் மறைமுகமாகச் சந்தா கட்டியிருக்கிறார். பாவம், கடைசிவரை அவருக்கு அது தெரிந்திருக்காது.

1789இல் ஃப்ரீ ஸ்கூல் சொசைட்டி என்று இன்னொரு கடை திறந்தார்கள். 1800இல் பழைய தர்மப் பள்ளி அதனோடு சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்கு ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றே பெயர் வந்தது. இப்போது அது மிர்சா காலிப் தெரு. கவிஞர் காலிப் 1828இல் கல்கத்தாவுக்கு வந்தது கவிதை வாசிக்க அல்ல. தனக்கு வரவேண்டிய பென்ஷனைக் கும்பினியிடம் கேட்டு மனுக் கொடுக்க. அலைந்து திரிந்து வெறுங்கையோடு டெல்லி திரும்பினார். தர்மப் பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு, தர்மம் கிடைக்காதவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மாநகராட்சிக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று யார் சொன்னது?

இதெல்லாம் சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரத்தைத் தொடங்கியது பட்டாளம்.

அந்தக் காலத்தில் கும்பினிப் பட்டாளத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர் இங்குள்ள பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் பிறந்தன. அப்புறம் அப்பாக்கள் சண்டையில் செத்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், சாராயத்தில் செத்தார்கள். சாகாதவர்கள் கப்பலேறிச் சீமைக்குப் போனார்கள். பிள்ளைகளை என்ன செய்வது? 1782இல் கேப்டன் வில்லியம் கிர்க்பாட்ரிக் ஒரு திட்டம் கொடுத்தார். அதிகாரிகளின் சம்பளத்தில் பதவிக்குத் தகுந்தபடி மாதாமாதம் பிடித்தம் செய்வது, அதை வைத்து அதிகாரிகளே ஒரு சங்கம் நடத்துவது, பிள்ளைகளைச் சங்கம் பார்த்துக்கொள்வது. மறு வருஷமே வங்காள ராணுவ அனாதைச் சங்கம் பிறந்துவிட்டது. சிப்பாய்களின் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கும்பினி அளந்தது; அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பிடித்தப் பணம். அதிகாரி பெற்றது மேல் பள்ளிக்கு, சிப்பாய் பெற்றது கீழ்ப் பள்ளிக்கு. செத்த பிறகும் சாதி பார்க்கிற ஊர் என்று நம்மைக் கேலி செய்கிறவர்கள், அனாதையிலும் ராங்க் பார்த்த இந்தக் கனவான்களைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கிர்க்பாட்ரிக்குக்கு இந்த விஷயத்தில் அனுபவம் அதிகம். அவரே முறையான திருமணத்தில் பிறந்தவர் அல்ல. அப்பா மதராஸ் பட்டாளத்தில் இருந்தவர், 'அழகுக் கர்னல்' என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரை அவர் சும்மா எடுக்கவில்லை. மகன் வில்லியமுக்கும் துலாரி பீபி என்ற இந்தியப் பெண்ணுக்கும் ராபர்ட், செசிலியா என்று இரண்டு பிள்ளைகள். அவர்களை அவர் தன் சொந்த அனாதைப் பள்ளியில் சேர்த்தாரா? அதுதான் இல்லை. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அழகுக் கர்னல் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். திட்டம் போடுகிறவர் தன் வீட்டுப் பிள்ளையைத் தான் போட்ட திட்டத்தில் சேர்க்கமாட்டார் என்ற நிர்வாக மரபு அன்றைக்கே உறுதியாகிவிட்டது. அரசுப் பள்ளியைச் சீர்திருத்துகிற எந்த அதிகாரியின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். அம்மா உயிரோடு இருக்கும்போது பிள்ளை எப்படி அனாதை? நல்ல கேள்வி. சங்கத்தின் கணக்கில் அம்மா என்கிற பத்தியே கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடுகளில் அப்பாவுக்குப் பெயர், பட்டம், ரெஜிமெண்ட் எல்லாம் உண்டு. அம்மாவுக்குப் பெரும்பாலும் 'ஒரு சுதேசிப் பெண்' என்பதோடு சரி. அவள் வளர்த்தால் பிள்ளை வங்காளியாகிவிடும், பாரசீகம் பேசும், கையால் சாப்பிடும் என்று பயம். பேச்சு வருகிற வயதிலேயே பிரித்துக் கொண்டுபோய்விடுவது உத்தமம் என்று முடிவு செய்தார்கள். இதில் சிரிக்க எதுவும் இல்லை. அனாதை இல்லாமல் அனாதைச் சங்கத்தை எப்படி நடத்துவது என்ற கஷ்டத்தைச் சங்கம் இப்படித் தீர்த்துக்கொண்டது.

முதலில் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹௌராவில் இருந்தது. பிறகு கிதர்பூருக்கு மாறியது. போன வீடு சாதாரண வீடு அல்ல. ரிச்சர்ட் பார்வெல் வாழ்ந்த மாளிகை. வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆலோசனை சபையில் உறுப்பினர், பெரிய சூதாடி. எதிர்க்கட்சிக்காரரான பிலிப் பிரான்சிஸ் சீட்டாட்டத்தில் இவரிடம் 20,000 பவுன் ஜெயித்ததாகத் தானே பெருமையடித்துக்கொண்டார். பார்வெலுக்கு அது கைச்செலவு. கும்பினியின் இளம் குமாஸ்தாக்கள் தங்குவதற்கு ரைட்டர்ஸ் பில்டிங்கை ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுக்கலாமா என்று சபையில் பேச்சு வந்தபோது, எடுக்கலாம் என்று கை தூக்கியவர்களில் வீட்டுக்காரர் பார்வெலும் ஒருவர். ஆண்டு வாடகை முப்பதாயிரத்துக்கு மேல், அதுவும் முன்பணமாக. இப்பேர்ப்பட்டவர் வாழ்ந்த வீட்டில்தான் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்தார்கள்.

மாளிகையோடு கூடவே ஒரு நடனக்கூடமும் கிடைத்தது. அதைச் சங்கம் வீணாக்கவில்லை. மேல் பள்ளியில் படித்த பெண்கள் கல்யாண வயதுக்கு வந்ததும் அங்கே நடன விருந்து நடக்கும். உள்நாட்டில் தனியாகக் கிடந்த அதிகாரிகள் வாரக்கணக்கில் படகில் பயணம் செய்து கிதர்பூர் வந்து இறங்குவார்கள். இரவெல்லாம் மெழுகுவர்த்தி, வயலின், பஞ்ச், பெண்களின் முகத்தில் பள்ளியில் போட்டுவிட்ட பவுடர். யாருக்காவது யாரையாவது பிடித்துவிட்டால் சீக்கிரமே கல்யாணம். பெண்ணின் செலவு சங்கத்தின் கணக்கிலிருந்து மாப்பிள்ளையின் கணக்குக்கு மாறிவிடும். ஜாதகம் இல்லை, வரதட்சிணைப் பேச்சு இல்லை, மாமியார் உயிரோடு இருந்தாலும் பதிவேட்டில் இல்லை. நம்ம ஊர்த் திருமணத் தகவல் மையங்கள் கனவிலும் காணாத சௌகரியம்! அந்த மாப்பிள்ளைக்கும் பிள்ளை பிறந்து, அவரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தால், பிள்ளை மறுபடி கிதர்பூருக்கே வரும். வாடிக்கையாளர் விசுவாசம் என்றால் இது.

பையன்கள் விஷயம்தான் இழுபறி. படிக்க வைத்துச் சீமைக்கு அனுப்பினால் அங்கே போய் அதிகாரியாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு உதறல் எடுத்தது. 1786இல் ஒரு உத்தரவு: மேல் பள்ளிப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகக் கூடாது. 1791இல் இன்னொன்று: இந்தியத் தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தவருக்குக் கும்பினியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகம் கிடையாது. 1795இல் மூன்றாவது: பட்டாளத்தில் சேர வேண்டுமென்றால் மேளம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அப்பாவின் சம்பளத்தில் பிடித்து, ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, பதினாறு வயதில் கையில் ஒரு மேளக்குச்சியைக் கொடுத்து அனுப்பினார்கள். பணம் கட்டினவனுக்கும் திருப்தி இல்லை, படித்தவனுக்கும் வேலை இல்லை, குறை கேட்கப்போனால் அது வேறு துறை.

இந்த ஏற்பாட்டின் உள்ளே புகுந்து வெளியே வந்த ஒரு பையனைப் பார்க்கலாம். பெயர் ஜேம்ஸ் ஸ்கின்னர். ஸ்காட்லாந்து அப்பா, ராஜபுத்திர அம்மா. அம்மா இறந்த பிறகு பையனையும் தம்பியையும் கல்கத்தாவில் தர்மப் பள்ளியில் போட்டார்கள். அப்பா கேப்டனாக உயர்ந்ததும் மாதம் 30 ரூபாய்ப் பள்ளிக்குப் பதவி உயர்வு. படிப்பு முடிந்ததும் 1795இல் ஒரு அச்சுக்கூடத்தில் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் தொழில் பழக விட்டார்கள். ஸ்கின்னர் மூன்று நாள் பார்த்தார். ஈயத்தையும் மையையும் இன்னும் ஏழு வருஷம் முகர வேண்டுமா என்று யோசித்தார். மூன்றாம் நாள் ராத்திரி சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார். பையில் நாலணா. அந்த நாலணாவில் ஆறு நாள் சாப்பிட்டேன் என்று பிற்பாடு நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது தீர்ந்ததும் கடைவீதியில் மூட்டை சுமந்தார், தச்சர்களுக்குத் துளைக்கருவியின் கயிற்றை இழுத்துக் கொடுத்தார், நாளுக்கு இரண்டு மூன்று அணா. கடைசியில் அக்கா வீட்டு வேலைக்காரன் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு போனான். கும்பினி வேலை தராது என்பதால் மராட்டியர் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1803இல் அதே கும்பினி அவரைக் கூப்பிட்டு ஒரு குதிரைப்படை நடத்தச் சொன்னது. மேளம் அடிக்க மட்டும் லாயக்கு என்று எழுதிய அதே மசி காய்ந்து எட்டே வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்கின்னர்ஸ் ஹார்ஸ் இன்றும் இந்திய ராணுவத்தில் ஒரு ரெஜிமெண்ட்.

ஸ்கின்னர் ஓடிவிட்டார். ஓடாதவர்களுக்கு அனாதைச் சங்கம் சொந்தமாகவே ஒரு அச்சுக்கூடம் வைத்தது. பெங்கால் மிலிட்டரி ஆர்ஃபன் பிரஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்கத்தாவில் அச்சான சர்க்கார் அறிக்கைகளைப் புரட்டுங்கள். சிறை அறிக்கை, கல்வி அறிக்கை, அபின் கணக்கு எதுவானாலும் முகப்பின் அடியில் அந்தப் பெயர் இருக்கும், பல புத்தகங்களில் மேற்பார்வையாளர் ஹட்மனின் பெயரோடு. சர்க்கார் கெஜட்டும் அங்கேதான் அச்சானது. சர்க்கார் தன் அச்சு வேலையைச் சங்கத்துக்குக் கொடுக்கும், அதில் வருகிற லாபத்தில் சங்கம் பிள்ளைகளைப் பராமரிக்கும். பிள்ளையை விட்டவரும் சர்க்கார், வேலை கொடுத்தவரும் சர்க்கார், காசு சுற்றி வந்து சேர்ந்த இடமும் சர்க்காரின் சிக்கனம். இவர்களுக்கு உத்தியோகம் கிடையாது என்று சொன்ன சர்க்காரின் கெஜட்டை அச்சடித்த லாபத்தில்தான் இவர்கள் சோறு சாப்பிட்டார்கள். இதைவிடச் சுத்தமான வரவு செலவை நான் எந்தத் தணிக்கை அறிக்கையிலும் பார்த்ததில்லை.

செலவைக் குறைப்பதில் கல்கத்தாவையே தோற்கடித்த ஒருவர் நம்ம ஊர்க்காரர். அதாவது நம்ம ஊரில் வந்து இறங்கியவர். ஸ்காட்லாந்தில் முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்த ஆண்ட்ரூ பெல், 1787இல் கல்கத்தாவுக்குப் போகத்தான் கப்பலேறினார். மதராஸில் கப்பல் நின்றது. இறங்கிப் பார்த்தார், பட்டாளத்துப் பாதிரி வேலைகள் காலியாக இருந்தன. ஒன்றைப் பிடித்தார், இன்னொன்றைப் பிடித்தார், கடைசியில் எட்டு வரைக்கும் ஒரே ஆள். கல்கத்தாவை மறந்துவிட்டார். 1789இல் எழும்பூரில் ராணுவ ஆண் அனாதை இல்லம் தொடங்கியபோது அதன் பொறுப்பும் அவரிடமே. அங்கே சம்பளம் வேண்டாம் என்றார். எட்டுச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒன்பதாவது எதற்கு?

இல்லத்தில் ஆசிரியர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒருநாள் பெல், நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவதைப் பார்த்தார். ஒரு சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் எழுதுகிறார்கள். வாத்தியார் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். பெல்லுக்குப் பொறி தட்டியது. இல்லத்துக்கு ஓடிவந்து, இதே மாதிரி மணலில் எழுத வையுங்கள் என்றார். முடியாது என்றார்கள் ஆசிரியர்கள். போங்கடா என்று எட்டு வயது ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டு வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். பிறகென்ன, பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார், சம்பளம் பூஜ்யம், கரும்பலகைக்குப் பதில் மணல். அனாதைப் பராமரிப்பை அனாதைகளுக்கே ஒப்பந்தம் விட்ட முதல் மகான் அவர்தான்.

1796இல் இருபத்தையாயிரம் பவுனுக்கு மேல் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். மறு வருஷம் 'மதராஸ் முறை' பற்றிச் சின்னப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்த முறைக்கு மாறின. செத்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் பெயர் மதராஸ் காலேஜ்தான். நாம் சென்னை என்று மாற்றிய சேதி அவர்களுக்குப் போகவில்லை போலும். திண்ணை வாத்தியாருக்கு மட்டும் யாரும் ஒரு தம்பிடி ராயல்டி அனுப்பவில்லை. சரக்கு கல்கத்தாவுக்கும் வந்தது. பெல்லின் போட்டியாளர் லங்காஸ்டரின் முத்திரையோடு, செராம்பூர் மிஷனரிகள் 1810 வாக்கில் பௌபஜாரில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் திறந்த பள்ளியில் அதே சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான்.

கிதர்பூர் தயாரிப்பு எல்லாமே மேளத்தோடு முடியவில்லை. மேல் பள்ளியில் படித்த ஜான் வில்லியம் ரிக்கெட்ஸ், இந்தச் சங்கங்களை நம்பி இனிப் பிரயோஜனமில்லை என்று 1823இல் பெற்றோர்களே நடத்தும் பேரண்டல் அகாடமிக் இன்ஸ்டிட்யூஷனைத் தொடங்கினார். பெயரிலேயே குத்தல் இருக்கிறது. அதற்கும் பிறகு தன் சமூகத்தின் மனுவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லண்டனுக்கே போய் 1830இல் பாராளுமன்றத்தில் வைத்தார். அனாதைப் பள்ளி மாணவன் வந்து கணக்குக் கேட்பான் என்று கிர்க்பாட்ரிக் திட்டத்தில் எந்த ஷரத்தும் போட்டிருக்கவில்லை.

அடுத்த நூறு வருஷத்தை ஒரே மூச்சில் ஓடிவிடலாம். 1850இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட அனாதையை மாஜிஸ்டிரேட்டே கார்டியனாக நின்று ஒரு பட்டறைக்காரரிடம் ஒப்பந்தம் எழுதி விடலாம். ஸ்கின்னர் குதித்த சுவருக்கு மேலே சட்டம் முள்வேலி போட்டது. குழந்தைகளுக்கென்றே தனிச் சட்டம் முதலில் செய்தது மதராஸ், 1920. வங்காளம் 1922. இரண்டு வருஷம் முந்திக்கொண்டோம் என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1924இல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தா மேயரானார், சுபாஷ் போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார். இலவசத் தொடக்கப் பள்ளியை மாநகராட்சியே நடத்துவது, ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பது என்று விபரீதமான யோசனைகளோடு வந்தார்கள். ஆறே மாதத்தில் சுபாஷைக் கைது செய்து, பிறகு மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். காரணம் வேறு என்று சரித்திரம் சொல்லும். இருக்கட்டும்.

1943. பஞ்சம். லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்தார்கள், கல்கத்தா நடைபாதைகளில் பிள்ளைகள் தாயின் பிணத்தருகே கிடந்தார்கள். அந்த வருஷம் வங்காள சர்க்கார் போட்ட சட்டத்தின் பெயர் வங்காள நாடோடிகள் சட்டம். பிச்சை எடுப்பவர்களைப் பிடித்து அடைப்பதற்கு. பிள்ளைகளைக் காப்பாற்றும் குழுவை அமைத்தது அகில இந்திய மாதர் மாநாட்டுப் பெண்கள். பிடிக்கிற வேலை சர்க்காருக்கு, காக்கிற வேலை தன்னார்வலர்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினையைப் பற்றிக் கேலியாக எழுத எனக்குக் கை வரவில்லை.

சுதந்திரம் வந்தது. 1952இல் கல்கத்தா மாநகராட்சி, காளிகாட் காளி கோயிலை ஒட்டிய யாத்திரிகர் சத்திரத்தை ஒரு கன்னியாஸ்திரியிடம் கொடுத்தது. தெருவில் சாகிறவர்களை அவர் உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தார். மாநகராட்சிக்கு இடம் மட்டும் செலவு, சாவு அவர் பொறுப்பு. 1955இல் அதே கன்னியாஸ்திரி, அன்னை தெரசா, பிள்ளைகளுக்காக சிசு பவன் திறந்தார். அப்போது நடந்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகளில் வருகிற பேரம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரசு, பிள்ளை ஒன்றுக்கு மாதம் 33 ரூபாய் தர முன்வந்தது. அவர் செலவு செய்ததோ 17 ரூபாய். மிச்சத்தில் இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். விதிப்படி ஒரு பிள்ளைக்கு 33ம் செலவாகியே தீரவேண்டும் என்றார்கள் அதிகாரிகள். ஒரு பிள்ளைக்கு 33, பக்கத்துப் பாயில் படுத்திருப்பதற்கு 17 என்று என்னால் வளர்க்க முடியாது, உங்கள் பணமே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

கும்பினி காலத்திலிருந்து எத்தனையோ ஒப்பந்ததாரர்கள் ரேட்டை ஏற்றச் சொல்லித்தான் சண்டை போட்டார்கள். குறைத்துக்கொள்கிறேன் என்று சண்டை போட்டவர் இவர் ஒருவர்தான். சர்க்காருக்கு அதைச் சமாளிக்கத் தெரியவில்லை. அவர் பக்கம் கைதட்டுவது சுலபம். ஆனால் 33 ரூபாயில் 16 ரூபாய் குறைந்தால் பிள்ளையின் தட்டில் எது குறையும் என்று யோசித்திருக்கக்கூடிய பெயர் தெரியாத அந்த அதிகாரி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இந்த முந்நூறு வருஷக் கதையில் பிள்ளைக்கு அதிகம் செலவு செய் என்று அரசாங்கம் அடம் பிடித்த வேறு ஒரு சந்தர்ப்பம் எனக்குத் தென்படவில்லை. அந்த ஒரு தடவையும் சர்க்கார் தோற்றது.

எழுந்து போவது அன்னை தெரசாவின் சபைக்குப் பழக்கமாகிவிட்டது. 2015இல் தத்து கொடுக்கும் விதிகள் மாறி, தனியாக வாழ்பவர்களும் வரிசையில் நிற்கலாம் என்றானபோது, மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி தத்து கொடுக்கும் வேலையே வேண்டாம் என்று அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கொள்கை அவர்களுடையது, சரி. ஆனால் வேலையை வெளியே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அரசாங்கத்துக்கு இதுதான் விலை. செய்கிறவர் தன் மனசாட்சிப்படி கடையை மூடினால் கேட்க வழியில்லை.

அதே 2015இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லங்களை மாநில அரசு தானாகவோ, தன்னார்வ அமைப்புகள் மூலமாகவோ அமைத்து நடத்தலாம் என்கிறது. இந்த 'தானாகவோ' என்பது சம்பிரதாயத்துக்குப் போட்ட சொல் என்று விவரம் தெரிந்தவர்கள் அறிவார்கள். சீமையில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இங்கிலாந்தில் இன்று குழந்தைகள் இல்லங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தனியார் கையில். பெரிய நிறுவனங்கள் அதில் சராசரி 22.6 சதவீதம் லாபம் பார்த்ததாக அந்நாட்டுப் போட்டி மற்றும் சந்தை ஆணையமே 2022இல் கண்டுபிடித்துச் சொன்னது. உள்ளூர்க் கவுன்சில்கள் பில் கட்டித் திணறுகின்றன. கிதர்பூரில் நடனம் ஆடிப் பழகிய வித்தையைத் தங்கள் சொந்தப் பிள்ளைகள் மேலேயே பிரயோகித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கம் ஒரே ஒரு தலைகீழ் விளையாட்டு நடந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான 1098 தொலைபேசி எண்ணை, 1996இல் மும்பையில் தொடங்கிய காலத்திலிருந்து தன்னார்வ அமைப்புகளே நடத்தி வந்தன. கல்கத்தாவிலும் அப்படித்தான். 2023இல் ஒன்றிய அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அவசர உதவி எண் 112உடன் இணைக்கத் தொடங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நள்ளிரவில் ஓடிப்போய் ரயில்வே பிளாட்பாரத்தில் பிள்ளைகளைத் தூக்கி வந்த களப்பணியாளர்களுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே கொடுத்தால் திட்டுகிறாய், உள்ளே எடுத்தாலும் திட்டுகிறாயே என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் பிள்ளையின் பெயர் தெரிந்த ஆள் யார் என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுதவில்லை. எனக்குப் புகைச்சல் அதில்தான்.

அந்த எண் மாறவில்லை, இன்றும் காசில்லாமல் அழைக்கலாம். ஹௌராவிலோ, சியால்டாவிலோ, எழும்பூரிலோ ஒரு பிள்ளை தனியாக நின்று அழுதுகொண்டிருந்தால் 1098ஐ அழுத்துங்கள். மறுமுனையில் எடுப்பவர் சர்க்காரா, சங்கமா, ஒப்பந்ததாரரா என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். யாராவது வந்து சேரும்வரை அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே நில்லுங்கள்.